இடுப்பளவுத் தண்ணீர்

'ணங்' என்று ஒரு சத்தம். கீர்த்தியின் நெற்றி, பொன்மணி வீட்டு வாசல் நிலையின் மேல்கட்டையில் மோதியிருந்தது.

"குனிஞ்சு வான்னு சொல்றதுக்குள்ள பூந்துட்டியே" என்றாள் பொன்மணி. குரலில் பரிதாபம் துளியும் இல்லை. "இன்னா, ரத்தம் வருதா?"

"இல்லக்கா."

"வந்திருந்தா நல்லாருக்கும்."

கீர்த்தி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். பத்து நிமிடத்துக்கு முன்புதான், சந்து முனையில் மின்கம்பத்தில் ஒரு நோட்டீஸை ஒட்டியிருந்தாள். பசை காய்வதற்குள் ஊரே கூடிவிட்டது. படிக்கத் தெரிந்தவர்கள் உரக்கப் படித்தார்கள். படித்து முடித்ததும் எல்லோரும் கீர்த்தியைப் பார்த்தார்கள். பொன்மணி மட்டும் அவள் மணிக்கட்டைப் பிடித்து, "உள்ள வா. வந்து என் மூஞ்சியப் பாத்து சொல்லு" என்று இழுத்து வந்தாள்.

நோட்டீஸில் இருந்தது இதுதான். நகரம் முழுவதற்கும் வெள்ள அபாய வரைபடம் தயாராகியிருக்கிறது. அடையாறு பாலத்துக்கு மேற்கே ஆற்றோரம் இருக்கும் ஓடக்காரர் சந்து அதில் சிவப்பு. காரணம்: இயற்கைப் பள்ளம். இயற்கைப் பள்ளத்தில் மனிதர் வசிக்கக் கூடாது. எனவே அறுபத்திரண்டு வீடுகளையும் காலி செய்து, முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குடியிருப்புக்கு அனுப்பப் பரிந்துரை. ஆட்சேபம் இருந்தால் வரும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சமூக நலக்கூடத்தில் சொல்லலாம்.

வரைபடத்தைத் தயாரித்தது தரமணியில் இருக்கும் ஒரு நிறுவனம். அடையாற்றங்கரைப் பகுதியை அளந்து எழுதியது அங்கே ஒப்பந்த வேலையில் இருக்கும் கீர்த்தி. வயது இருபத்தாறு.

"முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போயி நான் யாரு சட்டையத் தேய்க்கிறது?" பொன்மணி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். எதிரில் இருக்கும் நீலவேணி என்க்ளேவ் வாசலில், தூங்குமூஞ்சி மரத்தடியில் அவளுடைய இஸ்திரி வண்டி நிற்கிறது. நாலு மாடி, நாற்பத்தெட்டு குடும்பம், அத்தனை பேர் துணியும் அவள் கையில். "அங்க முன்னாடியே போனவன்லாம் கசங்குன சட்டையப் போட்டுக்கினு வேல தேடிக்கினு கீறான். எனக்கு எவன் துணி குடுப்பான்?"

"அக்கா, நான் முடிவு பண்றதில்ல. அளந்ததை எழுதினேன், அவ்வளவுதான்."

"எங்க அளந்த? மார்ச் மாசம் வந்த. தெருவுல நின்ன. குடையப் புட்ச்சிக்கினு, 'தண்ணி எவ்ளோ வந்துச்சு'ன்ன. சொன்னோம். கைல வெச்சிருந்த பொட்டியத் தட்டிக்கினே அடுத்த ஊட்டுக்குப் பூட்ட. ஒரு வாய் தண்ணி குடிச்சியா? ஒரு ஊட்டுக்குள்ள கால வெச்சியா?"

உண்மைதான். ஒரு நாளில் அறுபத்திரண்டு வீடு. வீட்டுக்கு நாலு நிமிடம். கீர்த்தி எந்த வாசற்படியையும் தாண்டவில்லை.

இப்போதுதான் ஒரு வீட்டுக்குள் நிற்கிறாள். நிமிர்ந்து நின்றால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் இருந்தது. மின்விசிறி மாட்டும் கொக்கி வெறுமனே தொங்கியது. ஜன்னல் ஏறக்குறைய தரையிலேயே ஆரம்பித்தது. படுத்துக்கொண்டே தெருவை வேடிக்கை பார்க்கலாம்.

"ஏன்க்கா இவ்வளவு தாழ்வா கட்டியிருக்கீங்க?" என்று கேட்டாள்.

பொன்மணி ஒரு நொடி அவளையே பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் குனிந்து குரல் கொடுத்தாள். "அன்வரிக்கா! கேட்டியா கதைய? நாம தாழ்வா கட்டிட்டமாம்!"

பக்கத்து வீட்டு அன்வரி பேகத்தின் முகம் ஜன்னலில் தெரிந்தது. அவளும் தெருவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துதான் உள்ளே பார்க்க முடிந்தது.

"தாழ்வாவா? எங்க ஊட்டுக்காரரு ஆறடி. ஒம்போது வருசமா ஊட்டுக்குள்ள வளைஞ்சிக்கினேதான் நடக்குறாரு. வெளிய வந்தாலும் இப்போ நிமிரத் தெரியல."

"ஒம்பது வருஷமா?" கீர்த்தி நெற்றியைத் தேய்ப்பதை நிறுத்தினாள். "அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி ஊடு ஊடா இருந்துச்சு. ஃபேன் ஓடுச்சு" என்றாள் பொன்மணி. "பதினஞ்சுல பெரிய தண்ணி வந்துச்சுல்ல? இடுப்பளவு. கட்டில், பீரோ, அரிசி, ஒன்னும் மிஞ்சல. இனிமே வந்தா காலு மட்டும் நனையட்டும்னு சந்தே சேந்து முடிவு பண்ணோம். இடிச்ச கட்டடத்துக் கல்லு, மண்ணு, எல்லாம் பொறுக்கியாந்து ரெண்டடிக்குத் தரைய ஏத்துனோம். அறுபத்திரண்டு ஊடும், சந்துத் தெருவும். கூரைய ஏத்த முடியல. தரைய ஏத்திட்டோம்."

கீர்த்தி பையிலிருந்து டேப்லெட்டை எடுத்தாள். பதினேழாம் எண் வீடு, பொன்மணி. 2015: இடுப்பளவு, மூன்றடி. 2023: இடுப்பளவு, மூன்றடி. விரலால் தள்ளிக்கொண்டே போனாள். எல்லா வீட்டிலும் அதே பதில். இரண்டு வெள்ளத்திலும் ஒரே ஆழம் இருந்தால் கணினி அதை இயற்கைப் பள்ளம் என்று தானாகவே சிவப்பாக்கிவிடும்.

"அக்கா, இருபத்திமூணு புயல்லயும் இடுப்பளவுன்னு சொன்னீங்க. எந்தத் தரையில நின்னு?"

"இன்னா கேள்வி இது? இந்தத் தரையிலதான். பழைய தரைல நிக்க நான் இன்னா குழி நோண்டிக்கினா நிப்பேன்?"

கீர்த்தி மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். அப்படியானால் இரண்டாவது வெள்ளம் மூன்றடி இல்லை. பழைய தரையிலிருந்து ஐந்தடி. ஆனால் 2023இல் ஆற்றில் ஓடிய தண்ணீர், 2015இல் ஓடியதில் பாதிகூட இல்லை. ஆற்றில் பாதி, வீட்டுக்குள் இரண்டடி கூடுதல். நடுவில் என்ன நடந்தது?

அவள் குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நீலவேணி என்க்ளேவின் மதில் சுவர் வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது.

"இந்தச் சுவர் எப்போ வந்துச்சு?"

"பதினெட்டுல. முன்னாடி அங்க ஓடை இருந்துச்சு. சந்துத் தண்ணியெல்லாம் அதுல பூந்து ஆத்துக்குப் பூடும். அவனுங்க லாரி லாரியா மண்ணக் கொட்டி மேடாக்கி, ஓடையக் குழாய்க்குள்ள உட்டுட்டானுங்க. இந்தா, இம்மாம் பெரிய குழாய்." ஒரு குடத்தை அணைப்பதுபோல் கைகளை வளைத்துக் காட்டினாள். "அதுல தண்ணி போவுமா? திரும்பி எங்க ஊட்டாண்டதான் வரும்."

கீர்த்தியின் வரைபடத்தில் நீலவேணி என்க்ளேவ் பச்சை. கொட்டிய மண்ணின் உயரத்தைப் பார்த்துவிட்டு, கணினி அதைப் பாதுகாப்பான மேட்டு நிலம் என்று நினைத்திருந்தது.

"அக்கா, உங்க வீடு பள்ளம் இல்ல" என்றாள். "தப்பு என்னோடது. தாழ்வான வீட்டைப் பார்த்தேன். ஏழைங்க வீடு இப்படித்தான் இருக்கும்னு நினைச்சுட்டேன்."

பொன்மணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். கோபம் குறைந்ததா என்று தெரியவில்லை. ஆனால் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"குடி. அப்பால திருத்து."

*

"திருத்த முடியாது" என்றார் விஜயராகவன்.

அவர் கீர்த்தியின் மேலதிகாரி. தரமணி அலுவலகத்தின் ஆறாவது மாடியில், ஏ.சி. குளிருக்குச் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். கத்தமாட்டார். கத்தாமல் இருப்பதுதான் அவரிடம் பயப்பட வேண்டிய விஷயம்.

"சார், தடுப்பு வெள்ளம்னு ஒரு வகை நம்ம பட்டியல்லயே இருக்கு. ஒரு தடையால தண்ணி தேங்கினா, தடையை எடுக்கணும். ஜனங்களை இல்ல."

"தெரியும். அந்த விதியை எழுதினதே நான்தான்."

"அப்புறம் என்ன சார்?"

"நாலாயிரத்து இருநூறு வீட்டுல கேட்டு எழுதியிருக்கோம். அறுபத்திரண்டுல தப்புன்னு நாமளே போய்ச் சொன்னா, மீதியை எவன் நம்புவான்? ரெண்டு வருஷ வேலை. மழை வர்றதுக்குள்ள படம் வெளிய வரணும். ஒரு சந்துக்காக ஒரு நகரத்தையே நிறுத்தச் சொல்றியா?"

"அந்தச் சந்துக்காரங்களுக்கு அதுதான் சார் நகரம்."

விஜயராகவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வியாழக்கிழமை என் பக்கத்துல உட்கார்ந்து படத்தைத் திரையில போடு. அதுதான் உன் வேலை. வாயைத் திறக்காதே. ஆகஸ்ட்ல உன் ஒப்பந்தம் புதுப்பிக்கணும், ஞாபகம் இருக்கட்டும்."

கீர்த்தி வெளியே வந்து, மாடிப்படியில் உட்கார்ந்து பொன்மணிக்குப் போன் செய்தாள்.

"அக்கா, நான் சொன்னா மட்டும் போதாது. பதினஞ்சு வெள்ளத்துக்கு அப்புறம், சுவர் வர்றதுக்கு முன்னாடி தரையை ஏத்துனீங்கங்கிறதுக்கு ஆதாரம் வேணும். போட்டோ இருக்கா?"

"இருந்ததெல்லாம் தண்ணில பூடுச்சு."

"கல், மண்ணு வாங்குன ரசீது?"

"குப்பைல பொறுக்குனதுக்கு எவன்மா ரசீது தருவான்?"

மறுமுனையில் இஸ்திரிப் பெட்டியை வண்டியில் இறக்கும் சத்தம் கேட்டது. கீர்த்தி கண்ணை மூடி அந்த வீட்டை நினைத்துப் பார்த்தாள். கொக்கி, ஜன்னல், நிலை.

"அக்கா! தரையை ரெண்டடி ஏத்துனா கதவு உள்பக்கம் திறக்காதே. என்ன பண்ணீங்க?"

"அறுத்தோம். எல்லாருமே. மூர்மார்க்கெட்டாண்டருந்து ஒரு ஆசாரி வந்து அடிப்பக்கம் ரெண்டடிய அறுத்துக் குடுத்துட்டுப் போனான்."

"அறுத்த துண்டு?"

மறுமுனையில் இஸ்திரிப் பெட்டிச் சத்தம் ஓய்ந்தது.

"அடிப்பாவி" என்றாள் பொன்மணி மெதுவாக. "அது மேலதான்மா தேய்ச்சிக்கினு கீறேன்."

*

வியாழக்கிழமை பத்தேகாலுக்குச் சமூக நலக்கூடத்து வாசலில் ஒரு இஸ்திரி வண்டி வந்து நின்றது. அதில் துணிக்குப் பதிலாக மரம் அடுக்கியிருந்தது. பின்னால் ஐம்பது, அறுபது பேர்.

காவலாளி கையை நீட்டித் தடுத்தார். "கட்டையெல்லாம் உள்ள வுடமாட்டோம்மா."

"இது கட்ட இல்ல நைனா. எங்க ஊட்டுப் பத்திரம்" என்றாள் பொன்மணி. வண்டி நிற்கவில்லை. காவலாளிதான் நகர்ந்தார்.

மேடையில் நடுநாயகமாக ஒரு பெண் அதிகாரி. ஒரு பக்கம் விஜயராகவன். அவருக்கு அடுத்து மடிக்கணினியுடன் கீர்த்தி. முன்வரிசையில் நீலவேணி என்க்ளேவ் சங்கச் செயலாளர் ஜவஹர், மொடமொடப்பான வெள்ளைச் சட்டையில். வரைபடம் அருமையாக வந்திருக்கிறது என்று அவர் பேசி முடித்துக் கைதட்டும் வாங்கியிருந்தார்.

ஓடக்காரர் சந்துப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, மேடைக்கு முன்னால் கதவுத் துண்டுகளை அடுக்கினார்கள். பச்சை, நீலம், காவி என்று ஒவ்வொன்றிலும் ஒரு வண்ணம். ஒன்றில் பாதி கோல ஸ்டிக்கர். அன்வரி பேகம் கொண்டுவந்தது தண்ணீர் டிரம்முக்கு மூடியாக இருந்த துண்டு, இன்னும் ஈரம். இன்னொன்று ஒரு பாட்டு டீச்சரம்மாவின் சுருதிப்பெட்டிக்குப் பீடமாக இருந்ததாம். நாற்பத்தொன்று சேர்ந்தது. மீதி அடுப்பில் எரிந்துபோயிருந்தது.

"என்னம்மா இது?" என்றார் அதிகாரி.

"ரெண்டடி, மேடம்" என்றாள் பொன்மணி. "எங்க ஊட்டுக் கதவோட காலு. பதினஞ்சு வெள்ளத்துக்கு அப்பால தரைய ஏத்தி, இத்த அறுத்தோம். அப்பால வந்த தண்ணி, ஏத்துன தரைக்கு மேல இடுப்பளவு. படத்துல எங்கள பள்ளம்னு போட்டுக்கீது. நாங்க பள்ளத்துல இல்ல. எங்க தலைல சுவத்தக் கட்டி, தண்ணியத் திருப்பி உட்டுக்கீறாங்க. தண்ணி வருதுன்றது நெசம். செவப்பே போட்டுக்கோ. ஆனா எங்களப் பேத்தெடுக்கிறேன்னு எழுதாத. அந்தச் சுவத்தப் பேத்தெடு."

கூடத்தின் பின்பகுதி ஆர்ப்பரித்தது. ஜவஹர் எழுந்தார்.

"மேடம், மரக்கட்டையைக் காட்டினா அதுவா ஆதாரம்? போன வாரம்கூட அறுத்திருக்கலாமே?"

பொன்மணி திரும்பினாள். குவியலிலிருந்து தன் துண்டை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். அதன் முகமெல்லாம் இஸ்திரிப்பெட்டியின் முக்கோணச் சூட்டுத் தழும்பு. ஒன்றன் மேல் ஒன்றாக, வருடக்கணக்கில்.

"இன்னா சார் இப்படி சொல்லிட்ட? நீ குடிவந்த நாள்லருந்து உன் துணிய இந்தக் கதவு மேல வெச்சுத்தானே தேய்க்கிறேன்? இப்போ போட்டுக்கினு கீறியே, அந்தச் சட்டையும் இது மேல படுத்து எழுந்ததுதான். போன வாரம் அறுத்த கட்டைல உன் சட்டை எப்படி சார் ஏழு வருசமா விறைப்பா நிக்குது?"

கூடமே சிரித்தது. அதிகாரியும் உதட்டைக் கடித்துக்கொண்டார். ஜவஹர் தன்னையறியாமல் சட்டைக் காலரைத் தொட்டார்.

அதிகாரி விஜயராகவன் பக்கம் திரும்பினார். "நீங்க அளந்தது பழைய தரையிலிருந்தா, புதுத் தரையிலிருந்தா?"

"எங்க அளவுகள் எல்லாமே முறைப்படி எடுத்தது மேடம். சந்தேகமே வேண்டாம்."

கீர்த்தி எழுந்து நின்றாள்.

"தப்பு மேடம்."

"கீர்த்தி, உட்காரு" என்றார் விஜயராகவன், உதடு அசையாமல்.

"நான்தான் அளந்தேன் மேடம். அளந்தேன்னுகூடச் சொல்ல முடியாது, கேட்டு எழுதினேன். இடுப்பளவுன்னாங்க. மூணடின்னு போட்டேன். எங்கே நின்னாங்கன்னு கேட்கல. ஒரு வீட்டுக்குள்ளகூடப் போகல. தரையை ஏத்தினது எனக்குத் தெரியாது. அந்த ரெண்டடியைச் சேர்த்தா இது இயற்கைப் பள்ளம் ஆகாது. தடுப்பு வெள்ளம். எங்க விதிப்படியே தடையைத்தான் எடுக்கணும்." மூச்சு வாங்கினாள். "எதிர்ல இருக்கிற பச்சையும் தப்பு. அது கொட்டின மண்ணோட உயரம்."

விஜயராகவன் மிகத் தாழ்ந்த குரலில், "நாளையிலிருந்து ஆபீசுக்கு வர வேண்டாம்" என்றார்.

"வருவேன் சார்" என்றாள் கீர்த்தி. ஒலிபெருக்கி அணைக்கப்படவில்லை. எல்லோருக்கும் கேட்டது. "ஆகஸ்ட் வரைக்கும் ஒப்பந்தம் இருக்கு. மீதி நாலாயிரத்துச் சொச்சம் வீட்டுலயும் எங்கே நின்னு சொன்னீங்கன்னு கேட்கணும். நீங்க சொல்லாட்டியும் கேட்பேன்."

அதிகாரி பேனாவை மேசையில் தட்டினார். "இதோ பாருங்க. ஒருத்தர் கதவைக் காட்டுறீங்க, ஒருத்தர் தப்புன்னு சொல்றீங்க. இதை வெச்சு நான் படத்துல இருக்கிற கோட்டை மாத்த முடியாது. பழைய தரையை என் கண்ணால பார்க்கணும். அதுக்கு யாரோட வீட்டுத் தரையையாவது உடைக்கணும். மழைக்காலம் வேற வருது. யார் வீட்டை உடைக்கச் சொல்றீங்க?"

"என் ஊட்ட" என்றாள் பொன்மணி, அவர் வாய் மூடுவதற்குள்.

"எங்க ஊட்டையும்" என்றது அன்வரி பேகத்தின் குரல். பிறகு யார் யார் சொன்னார்கள் என்று பிரித்தறிய முடியவில்லை.

*

பிற்பகல் மூன்று மணி. பொன்மணி கடப்பாரையை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நடுவீட்டில் தானே முதல் குத்து குத்தினாள். கூரை தாழ்வென்பதால் கடப்பாரையை ஓங்க முடியவில்லை. முழங்காலில் உட்கார்ந்து, குத்திக் குத்தி எடுத்தாள். மேல் சிமென்ட் பெயர்ந்தது. செங்கல் துண்டு, ஓடு, கருங்கல் ஜல்லி, யாரோ வீட்டுப் பீங்கான் கோப்பையின் காது. அன்வரி பேகம் தட்டில் அள்ளி அள்ளி வெளியே கொட்டினாள்.

அதிகாரி வாசலில் குனிந்து, ஜாக்கிரதையாக உள்ளே வந்து, சுவரோரமாக நின்றார். ஜன்னல் முழுக்க முகங்கள். ஜவஹரும் வந்திருந்தார், தெருவோடு நின்றுகொண்டார்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கடப்பாரை வேறு மாதிரிச் சத்தம் கொடுத்தது. பொன்மணி கையால் மண்ணை ஒதுக்கினாள். ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். சிவப்பு சிமென்ட் தரை பளிச்சென்று தெரிந்தது.

"இங்கதான் நின்னேன், பதினஞ்சுல" என்றாள். குழிக்குள் இறங்கினாள். அந்த வீட்டில் ஒன்பது வருடங்களில் முதல் தடவையாகக் கையை மேலே தூக்கி, நிமிர்ந்து நின்றாள்.

கீர்த்தி அளவு நாடாவின் ஒரு முனையைப் பழைய தரையில் வைத்தாள். மறுமுனையை அதிகாரி பிடித்தார்.

"எவ்வளவு?" என்றது ஜன்னல்.

"இரண்டடி ஒரு அங்குலம்" என்றார் அதிகாரி.

"அந்த ஒரு அங்குலம் என் கணக்குல இல்ல" என்றாள் பொன்மணி. "அத்த கவர்மென்டே வெச்சுக்கட்டும்."

அதிகாரி சிரித்துக்கொண்டே கோப்பைத் திறந்தார். காலி செய்ய வேண்டிய இடங்களின் பட்டியலில் ஓடக்காரர் சந்து என்ற வரியைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் 'தடுப்பு வெள்ளம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த தாளில், மதில் சுவரையும் ஓடையையும் அளக்க வேண்டும், நிலத்தை மண் கொட்டும் முன்பிருந்த மட்டத்தில் வரைய வேண்டும் என்று எழுதினார்.

"தொழில்நுட்ப ஆலோசகர் எங்கே? அவரும் கையெழுத்துப் போடணும்" என்று தலையைத் திருப்பினார்.

விஜயராகவன் அதுவரை தெருவில், சந்தின் மறுகோடியில், போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கூப்பிட்டதும் வேகமாக வந்தார். கண் கையிலிருந்த காகிதத்தில்.

'ணங்.'

நெற்றியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. கீர்த்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

பொன்மணி குழிக்குள் நிமிர்ந்து நின்றபடி, கடப்பாரையில் சாய்ந்துகொண்டு அவரைப் பார்த்தாள்.

"பேப்பர அப்பால பாரு சார். எங்க ஊட்டாண்ட வர்றதுன்னா குனிஞ்சு வா."